மிஷினில்தான் போச்சு

டாக்டர் கேட்டது ஆதிலட்சுமியிடம். பதில் சொன்னது காண்ட்ராக்டர் தேவதாஸ்.

"வீட்டுல கிரைண்டர்ல மாவு தள்ளும்போது கை மாட்டிக்கிச்சு டாக்டர். பக்கத்துலதான் எங்க வீடு. அதான் நான் தூக்கிட்டு வந்தேன்."

புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலிருந்து அவளை ஆட்டோவில் ஏற்றிய நேரத்திலிருந்து தேவதாஸ் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். கிரைண்டர் என்று சொல்லிவிடு, போலீஸ் கேஸ் ஆகாது, செலவையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். வலியில் ஆதிலட்சுமிக்கு அதில் பாதிதான் காதில் விழுந்தது. வலது கையைச் சுற்றியிருந்த கழிவுத்துணி முழுக்க நனைந்து, ஸ்டூலுக்குக் கீழே சொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் துணியைப் பிரித்ததும் டாக்டர் ஒரு கணம் தேவதாஸைப் பார்த்தார். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் ஒரே கோட்டில் போயிருந்தன. கிரைண்டர் அப்படி வெட்டாது.

"இல்ல டாக்டர்," என்றாள் ஆதிலட்சுமி. "கம்பெனியில. பிரஸ் மிஷின்ல போச்சு."

டாக்டர் அதைத்தான் எழுதினார். வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை. தேவதாஸ் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த நேரத்தில் அவள் எதையும் கணக்குப் போட்டுச் சொல்லவில்லை. சட்டம் எதுவும் அவளுக்குத் தெரியாது. தன் விரல் போனதைப் பற்றி வேறொருவர் பொய் சொன்னது பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

இது 2006-இல், பொங்கல் முடிந்த கையோடு நடந்தது. ஆதிலட்சுமிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. முதலியார்பேட்டையில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டவள். பத்தாவது வரை படித்தவள். கணவன் அன்பழகன் கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். ஒரே பெண் பாரதி நாலாவது படித்துக்கொண்டிருந்தாள். மழைக்காலத்தில் பெயின்ட் வேலை இருக்காது என்பதால்தான் ஆதிலட்சுமி டப்பா மூடி அடிக்கும் அந்தக் கம்பெனிக்குப் போனாள். போனவள் இரண்டு வருஷமாக நிற்கவில்லை. தகட்டை டை என்கிற அச்சில் வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், மூடியை எடுத்துப் போட வேண்டும். கை உள்ளே போகாமல் இருக்க மிஷினுக்கு ஒரு கம்பித் தடுப்பு உண்டு. அது இருந்தால் வேலை ஓடாது என்று தீபாவளி ஆர்டர் சமயத்தில் கழற்றினார்கள். திரும்ப மாட்டவேயில்லை.

கம்பெனியில் நிரந்தர ஆட்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்குத் தொழிலாளர் காப்பீட்டுக்கான ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தது. உடம்புக்கு முடியாவிட்டால் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். தேவதாஸ் கூட்டி வந்த பெண்களுக்குக் கார்டு கிடையாது. சம்பளத்தில் எதையும் பிடிக்காமல் முழுசாகத் தருகிறாரே என்று அந்தப் பெண்களும் அதை நல்லதாகவே நினைத்திருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தபோதே தேவதாஸ் ஒரு பத்திரத்தோடும் ஒரு கவரோடும் வந்தார். விரல் வீட்டில் போனதாகவும், மனிதாபிமானத்தில் கம்பெனி உதவி செய்ததாகவும், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்றும் அதில் டைப் அடித்திருந்தது. ஆதிலட்சுமி முழுவதையும் படித்தாள். படித்து முடிக்கும் வரை தேவதாஸ் காத்திருந்தார். பிறகு மைப்பெட்டியைத் திறந்து, இடது கைப் பெருவிரலை வைத்தால் போதும் என்றார்.

"நான் கைநாட்டு வைக்கிறதில்ல அண்ணே. கையெழுத்துதான் போடுவேன்."

"இந்தக் கையை வச்சிக்கிட்டு எப்படிம்மா போடுவ?"

"போட வர்றப்ப சொல்லி அனுப்புறேன்."

அவர் அன்பழகனைப் பார்த்தார். அன்பழகன் தரையைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. அன்பழகன் கெட்டவர் இல்லை. விரல் போன நாளிலிருந்து சோறு ஊட்டுவது, பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர்தான். அவருடைய பயமே வேறு. கம்பெனியை எதிர்த்து நம்மைப் போன்றவர்கள் எங்கே போய் நிற்பது, கொடுப்பதையும் வேண்டாம் என்றால் நாளைக்கு அதுவும் கிடைக்காது என்றார். ஆதிலட்சுமி எதிர்த்துக் கத்தவில்லை. "அவங்க ஒரு தடவை குடுத்துட்டுப் போயிடுவாங்க. நான் இந்தக் கையோட சாகற வரைக்கும் இருக்கணும்," என்று மட்டும் சொன்னாள். அவர் சாப்பாட்டுத் தட்டைக் கழுவ எடுத்துப்போனார். ஒத்துக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் இடது கையால் எழுதிப் பழகினாள். முதலில் 'ஆ' வளைந்து வளைந்து எங்கோ போயிற்று. பாரதி பார்த்துச் சிரித்தாள். அம்மா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஒரு மாதத்தில் பெயர் பெயராக வந்தது. கோணலாகத்தான் வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே கோணல். அதுதானே கையெழுத்து.

கட்டு மாற்ற அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போய்வந்தாள். அங்கே டிரெஸ்ஸிங் ரூமில் இருந்த சிஸ்டர் ஒருநாள் எப்படிப் போனது என்று விசாரித்தார். கேட்டுவிட்டு, கம்பெனியில் போன விரலுக்கு ஈ.எஸ்.ஐ.யில் மாதாமாதம் பணம் உண்டே, போய்க் கேட்கவில்லையா என்றார். கார்டு இல்லை என்றாள் ஆதிலட்சுமி. கார்டு இல்லாவிட்டாலும் கேட்டுப் பார், கேட்பதற்குக் கார்டு எதற்கு என்றார் சிஸ்டர்.

மறுநாளே ஈ.எஸ்.ஐ. அலுவலகத்துக்குப் போனாள். தனியாகத்தான் போனாள். அன்பழகனுக்கு அன்று லாஸ்பேட்டையில் வேலை. கவுன்ட்டரில் நடுத்தர வயது அம்மா ஒருவர் இருந்தார். கூட்டம் இருந்தது. ஆதிலட்சுமியின் முறை வந்ததும் அவள் முதலில் சொன்னதே, "எனக்குக் கார்டு இல்ல மேடம், சம்பளத்துல ஒண்ணும் பிடிக்கல," என்பதுதான். மறைத்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ள அவள் விரும்பவில்லை.

அந்த அம்மா ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். விபத்து எங்கே, எப்போது, யார் பார்த்தது என்று கேட்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். பணம் கட்டவேண்டியது கம்பெனியின் பொறுப்பு. காண்ட்ராக்டர் வழியாக வந்த ஆளாக இருந்தாலும் அப்படித்தான். அவர்கள் கட்டாமல் விட்டார்கள் என்பதற்காகத் தொழிலாளி நஷ்டப்படவேண்டியதில்லை.

"வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உங்களுக்கு உண்டும்மா. அவங்க கட்டாததை நாங்க அவங்ககிட்ட வசூல் பண்ணிக்குவோம். அது எங்க கவலை."

ஆதிலட்சுமிக்கு நம்பிக்கை வரவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாள். நானேதான் கையை உள்ளே விட்டேன், என் மேலேயும் தப்பு இருக்கிறதே என்றாள். யார் தப்பு என்பதைப் பார்த்துக் கொடுக்கிற பணம் இல்லை இது, வேலை செய்யும்போது நடந்ததா என்பதுதான் கேள்வி என்றார் அந்த அம்மா. காயம் ஆறும் வரை வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்கு ஒரு தொகை. ஆறிய பிறகு மருத்துவக் குழு கையைப் பார்த்து, சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்று முடிவு செய்யும். அதற்கேற்ப ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும். நாளைக்கு வேறு வேலைக்குப் போனால் நின்றுவிடுமா என்றாள். நிற்காது. கடைசியாக இன்னொன்று கேட்டாள்.

"நான் அன்னிக்குச் செத்துப் போயிருந்தா?"

"உங்க பொண்ணுக்கு மாசாமாசம் வந்திருக்கும்."

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் ஆதிலட்சுமி நம்பினாள். யாரோ இரக்கப்பட்டுக் கொடுப்பதாக இருந்தால் இத்தனை தூரம் யோசித்து வைத்திருக்கமாட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. விண்ணப்பத்தில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள். கவுன்ட்டர் அம்மா மைப்பெட்டியைக் கையில் எடுத்தவர், அப்படியே கீழே வைத்துவிட்டார்.

இனி நிரூபிக்கவேண்டியது ஒன்றுதான். அந்தக் கம்பெனியில் அவள் வேலை செய்தாள், அங்கேதான் கை போயிற்று. அலுவலகம் விசாரித்ததற்குக் கம்பெனி ஒரே வரியில் பதில் எழுதியிருந்தது: அப்படி ஒரு பெண் எங்களிடம் வேலை செய்யவில்லை. தேவதாஸ், அவள் ஒரு வாரம் வேலை கேட்டு வந்து போனாள், அவ்வளவுதான் என்றார். டாக்டர் எழுதிய குறிப்பு இருந்தது. ஆனால் அதுவும் அவள் வாயால் சொன்னதுதானே என்று பேச இடம் இருந்தது. ஒரு இன்ஸ்பெக்டர் கம்பெனிக்கு நேரில் வந்து விசாரிப்பார், பார்த்தவர்கள் யாராவது சொன்னால் நல்லது என்றார்கள்.

பார்த்தவள் மாலா. பக்கத்து மிஷின். ஆதிலட்சுமியைவிட ஏழெட்டு வயது சின்னவள், வீராம்பட்டினத்துக்காரி. புருஷன் படகுக்குப் போகிறவன். அன்று பெடலிலிருந்து ஆதிலட்சுமியின் காலை இழுத்துவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்தவள் அவள்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிலட்சுமி வீராம்பட்டினத்துக்குப் பஸ் ஏறினாள். மாலா வாசலில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் எழுந்து உள்ளே கூப்பிட்டாள், டீ போட்டாள், டம்ளரை இடது கைப்பக்கமாக வைத்தாள். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிப்போயிற்று. தேவதாஸ் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம், யாராவது வாயைத் திறந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியேதான் என்று. புருஷன் தொழிலுக்குப் போகாத நாளில் தன் சம்பளம்தான் அடுப்பெரிக்கிறது என்றாள். அவள் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

ஆதிலட்சுமி கெஞ்சவில்லை. அலுவலகத்தில் கேட்டதையெல்லாம் அப்படியே சொன்னாள். முதல் நாளே அடிபட்டாலும் உண்டு என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

"எனக்காக வந்து சொல்லுன்னு கேக்க மாட்டேன் மாலா. நீ இன்னும் அந்த மிஷின்லதான் உட்காந்திருக்க. உனக்கும் தெரிஞ்சிருக்கட்டும்னுதான் வந்தேன்."

மாலா எழுந்து டம்ளரை எடுத்து வைத்தாள். பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். பஸ் வரும் வரை நின்றாள். பேசத்தான் இல்லை.

திரும்பி வரும்போது ஆதிலட்சுமிக்கு முதல் தடவையாகக் காரியம் கைவிட்டுப்போன மாதிரி இருந்தது. வீட்டில் அன்பழகன் கேட்டார். மாலா வரமாட்டாள் என்றாள். அவர் 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லவில்லை. தானே ஒருநாள் வேலையை விட்டுவிட்டு, கம்பெனி வாசலில் டீக்கடை வைத்திருந்தவரைப் பார்க்கப் போனார். இரண்டு வருஷமாக ஆதிலட்சுமி தினமும் அந்தக் கடையைத் தாண்டித்தான் போய்வந்தாள், அவர் சொல்லலாமே என்று. டீக்கடைக்காரர் அந்தக் கம்பெனியை நம்பித்தான் கடையே வைத்திருந்தார். சொல்லமாட்டேன் என்றுவிட்டார். அன்பழகன் வெறுங்கையோடுதான் திரும்பினார். ஆனால் அன்றைக்குத்தான் அவர் தன் பக்கம் வந்துவிட்டார் என்று ஆதிலட்சுமிக்குத் தெரிந்தது.

இன்ஸ்பெக்டர் கிருஷ்ணசாமி சித்திரை வெயிலில் கம்பெனிக்கு வந்தார். ஆதிலட்சுமி அங்கே இல்லை. நடந்ததை மாலாதான் பின்னால் சொன்னாள். பெரிய ரூமில் மேனேஜர், தேவதாஸ், இன்ஸ்பெக்டர் மூன்று பேரும் நின்றார்கள். மிஷின்களை நிறுத்திவிட்டுப் பெண்களை வரிசையாக நிற்கவைத்தார்கள். ஆதிலட்சுமி என்று யாராவது இங்கே வேலை செய்தார்களா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஒருத்தியும் நிமிரவில்லை. அவர் மறுபடியும் கேட்டார். பிறகு மேனேஜரையும் காண்ட்ராக்டரையும் கொஞ்சம் வெளியே இருக்கச் சொன்னார். அவர்கள் போன பிறகும் யாரும் பேசவில்லை. ஃபைலை மூடிவிட்டுக் கிளம்பப் போனார்.

மாலாவுக்குத் தான் பேசப்போவதே தெரியாதாம். அவர் கதவுக்குப் போய்விட்டால் அவ்வளவுதான் என்று மட்டும் தோன்றியதாம்.

"அவங்க கை போன மிஷின் இதுதான் சார்," என்று காட்டினாள். "அன்னிக்கு ரத்தத்தைக் கழுவினது நான்தான்."

அவள் சொன்னதும் இன்னொருத்தி தலையாட்டினாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் பேச ஆரம்பித்தார்கள். எத்தனை வருஷமாக வேலை செய்கிறோம், யாருக்கும் கார்டு இல்லை, கம்பித் தடுப்பை எப்போது கழற்றினார்கள் என்று எல்லாமே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து எழுத வேண்டியதாயிற்று.

தேவதாஸ் சொன்னதைச் செய்தார். முதலில் வாயைத் திறந்தவள் என்று அந்த வாரமே மாலாவை நிறுத்திவிட்டார். மற்றவர்களை நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் எல்லாருமே பேசியிருந்தார்கள். சில மாதங்களில் அவர்கள் எல்லாருக்கும் கார்டு வந்தது. யாருடைய வாயால் அது வந்ததோ அவளுக்கு வரவில்லை. இந்த விஷயம் ஆதிலட்சுமியை ரொம்ப நாள் உறுத்தியது. சேதராப்பட்டுப் பக்கம் புதிதாகத் திறந்த ஒரு தையல் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாலாவைக் கூட்டிக்கொண்டு அவளே போனாள். வேலை உண்டு என்றதும் மாலா முதலில் கேட்டது, ஈ.எஸ்.ஐ. உண்டா என்றுதான். உண்டு என்றார்கள். கார்டு கைக்கு வந்தால்தான் நம்புவேன் என்றாள் அவள்.

மருத்துவக் குழுவுக்கு ஐப்பசியில் கூப்பிட்டார்கள். விரல் போனதிலிருந்து ஆதிலட்சுமி வலது கையை முந்தானைக்குள்தான் வைத்திருந்தாள். பஸ்ஸில், கடையில், பாரதியின் பள்ளிக்கூட வாசலில், எங்கே போனாலும். அன்று காலை பாரதிக்குத் தலை பின்னிவிட முயன்று, பிடி நழுவி நழுவி, கடைசியில் ரிப்பன் கட்டி அனுப்பியிருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையைக் காட்டச் சொன்னார்கள். அவள் முந்தானையை விலக்கி, கையை மேசையின் நடுவில் வைத்தாள். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் இருந்த கை. டம்ளரைப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தாள், தூக்க முடியவில்லை. பேனாவைப் பிடிக்கச் சொன்னார்கள், நிற்கவில்லை. சிரமப்பட்டு இன்னும் கொஞ்சம் நன்றாகச் செய்துகாட்ட வேண்டும் என்று ஒரு பழைய ரோஷம் உள்ளே எழுந்தது. அதை அடக்கிக்கொண்டாள். முடியாததை முடியாது என்று காட்டுவதுதான் இங்கே உண்மை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வீட்டு வேலையெல்லாம் யார் செய்வது என்று ஒரு டாக்டர் கேட்டார்.

"நான்தான் சார் செய்றேன். நேரம் ஆகுது. தலை பின்ன மட்டும் வரல."

அவர் எழுதிக்கொண்டார். முதலில் தற்காலிகமாகத்தான் நிர்ணயம் செய்தார்கள். அடுத்த வருஷம் மறுபடியும் பார்த்து, ஆயுள் முழுக்க என்று முடிவானது. பெரிய தொகை என்று சொல்லமுடியாது. அதை வைத்து மாடி கட்டமுடியாது. ஆனால் மாதம் தவறாமல் வந்தது. பெயின்ட் வேலை இல்லாத கார்த்திகையிலும் வந்தது.

காயம் ஆறியதும் வேலை தேட ஆரம்பித்தாள். காலாப்பட்டில் யுனிவர்சிட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கலியபெருமாள் என்பவர் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஆள் வேண்டும் என்று போர்டு தொங்கியது. அவர் கையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார். ஒருநாள் பாருங்கள், பிடிக்காவிட்டால் போய்விடுகிறேன் என்றாள் ஆதிலட்சுமி. முதல் தடவை மிஷின் மூடியைத் தூக்கியபோது கை தானாகப் பின்னுக்கு வந்தது. உள்ளே கண்ணாடியும் வெளிச்சமும்தான், டையோ பெடலோ கிடையாது என்று தெரியும். தெரிந்தும் பின்னுக்கு வந்தது. மூடியை மூடி, பட்டனை அழுத்தி, தாள் வெளியே வரும் வரை நின்றாள். சாயங்காலத்துக்குள் மாணவர்களின் ஒரு கட்டு நோட்ஸை முடித்துக் கொடுத்திருந்தாள். கலியபெருமாள் மறுநாளும் வரச் சொன்னார். அவர் சின்னக் கடைக்காரர், ஈ.எஸ்.ஐ. எல்லைக்குள் வருகிறவர் இல்லை. அதையும் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சேர்ந்தாள்.

பின்னாட்களில் தெருவில் யாருக்காவது கம்பெனியில் அடிபட்டால் அவளிடம் வந்தார்கள். பக்கிரி என்று ஒருவர், அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லோடு இறக்கும்போது மேலேயிருந்து விழுந்து இறந்துபோனார். காரியம் முடிந்ததும் அவர் மனைவி மேனகாவை ஆதிலட்சுமிதான் அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். மேனகா அங்கே அழுதுகொண்டே இருந்தாள். பிச்சை கேட்க வந்த மாதிரி இருக்கிறது அக்கா என்றாள்.

"அழறதுன்னா அழு. பிச்சைன்னு மட்டும் நினைக்காத," என்றாள் ஆதிலட்சுமி. "உன் புருஷன் உழைச்சதுக்கு உண்டானது இது. உனக்கும் புள்ளைங்களுக்கும்."

மேனகாவுக்கும் குழந்தைகளுக்கும் பணம் வர ஆரம்பிக்க ஒரு வருஷம் போல ஆயிற்று. அதற்குள் இரண்டு தடவை அவள் வேண்டாம் என்று விட்டுவிடப் பார்த்தாள். இரண்டு தடவையும் ஆதிலட்சுமி கடைக்கு லீவு சொல்லிவிட்டு அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

பணம் தொடர்ந்து வர வருஷத்துக்கு இரண்டு முறை, தான் உயிரோடு இருப்பதாக ஆதிலட்சுமி சான்று கொடுக்க வேண்டும். 2009 ஆடியில் அப்படிக் கிளம்பியபோது, தெருமுனையில் சொல்தா வீட்டம்மா எதிரே வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த கணவரின் பென்ஷன் வாங்குகிறவர். அவரும் வருஷா வருஷம் பிரெஞ்சுக்காரர்களிடம் இதே மாதிரி சான்று கொடுத்துவருபவர். எங்கே காலையிலேயே இவ்வளவு பளிச்சென்று என்று கேட்டார். இருக்கேன்னு சொல்லிட்டு வரத்தான் அம்மா என்றாள் ஆதிலட்சுமி. நல்ல சேலையாகக் கட்டிக்கிட்டுப் போறியே, அதுதான் சரி என்றார் அந்த அம்மா. நானும் அப்படித்தான் போவேன் என்றார்.

அன்று அலுவலகத்தில் கூட்டம் அதிகம். ஆதிலட்சுமி வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர் கையில் கட்டோடு இருந்தார், கூட வந்த மனைவி படிவத்தில் எங்கே கையெழுத்துப் போடுவது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆதிலட்சுமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வலது கையாலேயே அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.